அழைப்பவர் நிற்கும் இடம்

ஆலங்குடியிலிருந்து வடகாடு, கீரமங்கலம் வழியாகப் போனால், மோட்டார் கொட்டகைகளில் ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னப் பெட்டி தொங்குவதைப் பார்க்கலாம். உள்ளே ஒரு சிம், ஒரு மோடம், மூன்று பேஸையும் அளக்கிற சர்க்யூட், உள்ளங்கையில் அடங்குகிற பேட்டரி. ஊரில் அதற்குப் பெயர் மொபைல் ஸ்டார்ட்டர். மோட்டார் ஓடுகிறதா, எத்தனை ஆம்பியர் இழுக்கிறது, எந்த பேஸ் போயிருக்கிறது என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். அது சொல்வது மும்பையில் இருக்கிற சர்வருக்குப் போய், அங்கிருந்து திருச்சி அலுவலகத்துக்கும், கடைசியில் தோட்டத்துக்காரரின் கைபேசிக்கும் வர வேண்டும். இந்த வழியில் யார் யாரை எந்த முகவரியில் கூப்பிட வேண்டும் என்று எழுதிவைப்பது என் வேலை. எங்கள் பேச்சில் எண்ட்பாயின்ட் கான்ஃபிகரேஷன்.

பார்க்கிறவர்களுக்கு இது ஒரு பெயரையும் ஒரு போர்ட் எண்ணையும் கோப்பில் நிரப்புகிற காரியமாகத் தெரியும். இந்தத் தொழிலில் நான் பார்த்த கோளாறுகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியில்தான் இருந்தன. எழுதியவர் தான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அதைச் சரிபார்த்திருப்பார். கூப்பிட வேண்டிய இயந்திரமோ வேறெங்கோ நின்றுகொண்டிருக்கும்.

பெட்டி ஏன் இங்கே இத்தனை கொட்டகைகளில் ஏறியது என்பதற்குக் காரணம் உண்டு. கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் எங்கள் மாவட்டத்தில் அறந்தாங்கிப் பக்கத்துக் கடைமடைக்குத்தான் வருகிறது. வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம் பகுதியில் தென்னை, வாழை, பலா, மல்லிகை, கனகாம்பரம் எல்லாம் போர்வெல்லை நம்பித்தான். பல நூறு அடி இறங்கினால்தான் தண்ணீர். விவசாய இணைப்புக்கு 1990 முதல் மின்கட்டணம் கிடையாது. ஆனால் நான் இந்த வேலைக்கு வந்த 2017இல் மும்முனைக் கரண்டு முறை வைத்துத்தான் வந்தது. பகலில் கொஞ்ச நேரம், இரவில் கொஞ்ச நேரம். இரவு முறை வந்தால் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு வரப்பில் நடக்க வேண்டும். பாம்புக்குப் பயந்துகொண்டு மோட்டார் போடப் போன வீடுகள் எங்கள் சொந்தத்திலேயே இருக்கின்றன.

முதலில் வந்தவை மிஸ்டு கால் பெட்டிகள். பெட்டியில் இருக்கிற எண்ணுக்கு அடித்தால் மோட்டார் ஓடும், மறுபடி அடித்தால் நிற்கும். அது பெரிய விடுதலைதான். ஆனால் தண்ணீர் இறங்கிப்போய் மோட்டார் வெறுமனே சுற்றினாலோ, ஒரு பேஸ் போய் மற்ற இரண்டில் இழுத்தாலோ காயில் கருகிவிடும். அத்தனை அடி குழாயையும் ஆள் வைத்து ஏற்றி, மோட்டாரை வெளியே எடுத்து, காயில் கட்டி இறக்குகிற செலவு ஒரு சிறு தோட்டத்துக்காரருக்கு அந்தப் பருவத்து லாபத்தைத் தின்றுவிடும். அதனால்தான் கூப்பிட்டால் பதில் சொல்கிற பெட்டி போதாமல், தானாகவே சொல்கிற பெட்டி வந்தது. திருச்சியில் அதைத் தயாரித்த ஒரு சிறு நிறுவனம் சர்வர் பக்கத்து வேலைக்கு என்னைக் கூப்பிட்டது. சென்னையில் பெரிய வணிகத் தளங்களுக்குக் காஃப்கா என்ற செய்தி வரிசை மென்பொருளை அமைத்துக்கொண்டிருந்த நான், சொந்த ஊர்ப் பக்கத்து வேலை என்றதும் ஒத்துக்கொண்டேன்.

முதல் கூட்டத்தில் அவர்கள் கேட்ட கேள்வி இதுதான்: சிம்முக்கு ஐபி முகவரி இருக்கிறதே, சர்வரிலிருந்து பெட்டியை நேரே கூப்பிட்டால் என்ன?

கூப்பிட முடியாது. மொபைல் நிறுவனங்களிடம் ஐபி நான்காம் பதிப்பு முகவரிகள் போதவில்லை. ஆயிரக்கணக்கான கைபேசிகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்துகிறார்கள். இதற்கென்றே 2012இல் 100.64இலிருந்து தொடங்கும் ஒரு முகவரித் தொகுதி ஒதுக்கப்பட்டது. பெட்டி தனக்கு அந்தத் தொகுதிக்குள் 100.72 என்று தொடங்குகிற முகவரி இருப்பதாகச் சொல்லும். அது அந்த நிறுவனத்தின் வலைக்குள் மட்டும் செல்லுபடியாகும். மும்பையிலிருந்து அந்த எண்ணுக்கு அனுப்பினால் எங்கும் போகாது. ஆகவே கூப்பிடுகிற வேலை முழுக்கப் பெட்டியின் தலையில். பெட்டி வெளியே கூப்பிட்டு ஓர் இணைப்பைத் திறந்து, அதை மூடாமல் வைத்திருக்க வேண்டும். தோட்டத்துக்காரர் கைபேசியில் பொத்தானை அழுத்தும்போது சர்வர் அந்தத் திறந்த இணைப்பு வழியாகத்தான் மோட்டாரைப் போடச் சொல்லும்.

இதற்கு எம்க்யூடிடி என்ற நெறிமுறை பொருத்தமானது. 1999இல் ஐபிஎம்மின் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும், எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிப்பதற்காக அதை உருவாக்கினார்கள். மெல்லிய இணைப்பு, விலை கூடிய டேட்டா, ஆளில்லாத இடம் ஆகிய மூன்றையும் மனதில் வைத்துச் செய்தது. நெடுவாசல் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் 2ஜி சிக்னலில் நிற்கிற பெட்டிக்கும் அதே மூன்று நிலைமைகள்தாம்.

இணைப்பைத் திறந்து வைத்திருப்பது சொல்வது போல் எளிதில்லை. மொபைல் வலையின் நடுவில் இருக்கிற முகவரி மாற்றும் கருவி, பேச்சு மூச்சில்லாமல் கிடக்கிற இணைப்பைச் சில நிமிடங்களில் மறந்துவிடும். மறந்ததை இரண்டு பக்கத்துக்கும் சொல்லாது. பெட்டி இணைப்பில் இருப்பதாக நினைக்கும். சர்வரும் அப்படியே நினைக்கும். கொத்தமங்கலத்தில் ஒரு பெரியவர் என்னைத் தோட்டத்துக்கே கூட்டிக்கொண்டுபோய்க் கைபேசியைக் காட்டினார். "ஆத்தா, இதுல பச்ச லைட்டு எரியுது. வாய்க்கால்ல தண்ணியக் காணோமே, இது யாரு கிணத்துக் கணக்கு?" அவர் அழுத்திய பொத்தான் சர்வர் வரை போயிருந்தது. சர்வர் அதை ஒரு செத்த இணைப்பில் அனுப்பிவிட்டுக் காத்திருந்தது. திரை பழைய நிலையையே காட்டிக்கொண்டிருந்தது.

எம்க்யூடிடியில் இதற்கு வழி இருக்கிறது. இத்தனை நொடிக்கு ஒருமுறை நான் மூச்சுக் காட்டுவேன் என்று பெட்டி முதலிலேயே சொல்லிவிடும். அதைப்போல் ஒன்றரை மடங்கு நேரம் சத்தமில்லை என்றால் சர்வர் இணைப்பை முறித்துவிடும். 240 நொடி என்று வைத்தால் 360 நொடியில் தெரிந்துவிடும். நொடியைக் குறைத்தால் சீக்கிரம் தெரியும், டேட்டா கூடச் செலவாகும். எங்கள் பெட்டிகளில் இருந்த சிம்களின் வலைகளில் 240 தாங்கியது. வேறு நிறுவனத்து சிம் போட்டால் மறுபடி அளந்துதான் வைக்க வேண்டும். புத்தகத்தில் போட்டிருக்கிற எண்ணை நம்பக் கூடாது.

அதைவிட முக்கியமாக நான் பிடிவாதம் பிடித்தது திரையில் என்ன காட்டுவது என்பதில். இணைப்பு அறுந்தால் தன் சார்பில் வெளியிட வேண்டிய ஒரு கடைசிச் செய்தியைப் பெட்டி முன்கூட்டியே சர்வரிடம் கொடுத்து வைக்கலாம். நிறுவனத்தில் அந்தச் செய்தி வந்ததும் மோட்டார் நின்றதாகக் காட்டத் தீர்மானித்திருந்தார்கள். தொடர்பு போவதும் மோட்டார் நிற்பதும் வேறு வேறு. டவர் படுத்துவிட்ட நேரத்தில் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கலாம். நின்றுவிட்டது என்று நம்பி ஒருவர் கொட்டகைக்குள் கை வைத்தால் உயிருக்கே ஆபத்து. பச்சை, சிவப்போடு சாம்பல் நிறம் ஒன்றும் வேண்டும், அதில் "தொடர்பு இல்லை, மோட்டார் நிலை தெரியாது" என்று தமிழில் எழுத வேண்டும் என்றேன். எழுதினார்கள்.

பெட்டிக்குள் எழுத வேண்டிய முகவரி மூன்று துண்டு: எந்த நுழைவாயில் வழியாக மொபைல் வலையிலிருந்து இணையத்துக்குப் போவது, எந்தச் சர்வர், எந்த போர்ட். மூன்றையும் எஸ்எம்எஸ் அனுப்பியே மாற்றலாம் என்று வைத்திருந்தார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த நிறுவனத்துக்கு முன் வேறொருவர் விற்றிருந்த பெட்டிகளில் அந்த வசதி இல்லை. அவற்றில் சர்வரின் ஐபி எண்ணையே நிரலுக்குள் பதித்துவிட்டிருந்தார்கள். கிளவுடில் எடுக்கிற இயந்திரத்தை நிறுத்தி மறுபடி ஓட்டினால், தனியாகக் கேட்டு வாங்கிய நிலையான எண் இல்லாவிட்டால், வெளி முகவரி மாறிவிடும். அப்படி ஒருநாள் மாறியது. அத்தனை பெட்டியும் யாருமில்லாத எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டே கிடந்தன. இரண்டு பையன்கள் பைக்கில் மடிக்கணினியும் கேபிளுமாகக் கொட்டகை கொட்டகையாக ஏறி இறங்கினார்கள். சாவி வைத்திருப்பவர் சந்தைக்குப் போயிருப்பார், கரண்டு இருக்காது, நாய் கட்டாமல் கிடக்கும். அந்தப் பையன்களில் ஒருவர் பின்னால் எங்களிடம் வேலைக்குச் சேர்ந்தார். "அக்கா, நம்பரு மட்டும் உள்ள எழுத விட்றாதீங்க" என்பார்.

எனவே பெட்டிக்குள் பெயர்தான் இருக்க வேண்டும். அந்தப் பெயரும் நிறுவனத்தின் சொந்த டொமைனில் இருக்க வேண்டும். கிளவுட் நிறுவனம் தருகிற நீளப் பெயர் கூடாது. இன்றைக்கு மும்பையில் இருக்கிற இயந்திரம் நாளை ஹைதராபாத்துக்குப் போகலாம், வேறு நிறுவனத்துக்கே போகலாம். டொமைன் பெயர் நம் கையில் இருந்தால், பெயரை எண்ணாக்கித் தருகிற டிஎன்எஸ்ஸில் ஒரு வரியை மாற்றினால் போதும். இதிலும் ஒரு கண்ணி உண்டு. சில மோடங்கள் பெயரை ஒருமுறை தேடி எண்ணை வாங்கிவிட்டால் மறுபடி கேட்பதே இல்லை. இணைப்பு அறுந்தால் பழைய எண்ணையே விடாமல் முயலும். தொடர்ந்து தோற்றால் மோடத்தையே அணைத்துப் போட வேண்டும் என்று நிரலில் ஒரு விதி சேர்க்கச் சொன்னேன். ஒருமுறை டிஎன்எஸ் மாற்றம் நடந்த நாளில் பெட்டிகள் கொஞ்சம் கொஞ்சமாகப் புது இடத்துக்கு வந்து சேர்ந்ததற்கு அந்த விதிதான் காரணம்.

சர்வர் பக்கத்துக்கு வருகிறேன். எம்க்யூடிடி சர்வர் வாங்கிய செய்திகளை, பாலம் என்று நாங்கள் சொல்லும் ஒரு நிரல் காஃப்காவில் போடும். மோட்டார் வரலாறு, எச்சரிக்கை, அறிக்கை எல்லாம் காஃப்காவிலிருந்து படித்துக்கொள்ளும். காஃப்கா லிங்க்ட்இன் நிறுவனத்தில் ஜே கிரெப்ஸ், நேஹா நார்க்கடே, ஜுன் ராவ் ஆகியோர் கட்டி 2011இல் வெளியிட்டது. இன்று உலகம் முழுக்க வங்கியும் வணிகமும் அதன்மேல் ஓடுகின்றன. புதிதாக வருகிறவர்களை அது முதல் வாரத்திலேயே அழவைக்கிற ஓர் இடம் உண்டு. அதைக் கிட்டத்தில் காட்டுகிறேன்.

சாதாரண வலைத்தளத்துக்கு ஒரு முகவரி தெரிந்தால் போதும், அங்கே போய்க் கேட்டால் பதில் வந்துவிடும். காஃப்காவில் அப்படியில்லை. காஃப்கா ஓடுகிற சர்வர்களுக்குப் புரோக்கர் என்று பெயர். மூன்று புரோக்கர்கள் இருந்தால், டாபிக் என்கிற ஒவ்வொரு செய்தித் தலைப்பும் பார்ட்டிஷன்களாகப் பிரிந்து, ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் ஒரு புரோக்கர் தலைவராக இருக்கும். எழுதுவதானாலும் படிப்பதானாலும் வழக்கமாக அந்தத் தலைவரிடமே நேராகப் போக வேண்டும். யார் தலைவர் என்று தெரிய, நிரல் முதலில் ஏதாவது ஒரு புரோக்கரைக் கூப்பிட்டு விவரம் கேட்கும். அந்தப் புரோக்கர் எல்லாருடைய பெயரையும் போர்ட்டையும் பட்டியலாகக் கொடுக்கும். அதன்பின் நிரல் தான் முதலில் கூப்பிட்ட முகவரியை விட்டுவிட்டு, பட்டியலில் இருக்கிற முகவரிகளைத்தான் கூப்பிடும்.

அந்தப் பட்டியலில் வருவது ஒவ்வொரு புரோக்கரும் தன்னைப் பற்றி அறிவித்துக்கொண்ட முகவரி. கோப்பில் அதற்கு அட்வர்டைஸ்டு லிசனர்ஸ் என்று ஒரு வரி. எந்த போர்ட்டில் காது கொடுப்பது என்பதற்கு வெறும் லிசனர்ஸ் என்று தனி வரி. காது கொடுப்பதற்கு 0.0.0.0 என்று எழுதலாம், எல்லா வாசலிலும் கேட்கிறேன் என்று பொருள். அறிவிப்பதற்கு அதை எழுதினால் காஃப்காவே ஏற்காமல் நின்றுவிடும். இரண்டு வரியிலும் பெயரே எழுதாமல் விட்டால்தான் தொல்லை: இயந்திரம் தன் வீட்டுப் பெயரை அறிவித்துக்கொள்ளும்.

திருச்சியில் நான் பார்த்தது அதுதான். எனக்கு முன் ஒருவர் மும்பையில் மூன்று புரோக்கர்களை நிறுத்திவிட்டுப் போயிருந்தார். மும்பைக்குள்ளேயே இருந்த பாலம் ஒழுங்காக எழுதியது. திருச்சி அலுவலகத்தில் இருந்த அறிக்கை நிரல் மட்டும் படிக்க மறுத்தது. ஃபயர்வாலைத் திறந்துபார்த்தார்கள், ரூட்டரை மாற்றினார்கள், இணைய நிறுவனத்தோடு சண்டை போட்டார்கள். "டெல்நெட் போகுதே மேடம், போர்ட் திறந்துதான் இருக்கு" என்றார் அங்கிருந்தவர். போகத்தான் செய்யும். முதல் அழைப்பு பொது முகவரிக்குப் போகிறது, அது திறந்திருக்கிறது. விழுவது இரண்டாம் அழைப்பு.

அன்றைக்கு காஃப்காகேட் என்றும் இன்றைக்கு கேகேட் என்றும் ஒரு சின்னக் கருவி இருக்கிறது. திருச்சி இயந்திரத்தில் அதை ஓட்டி, பட்டியலை மட்டும் கேட்டேன். மூன்று புரோக்கர்கள் என்று ஒரு வரி வந்தது. அடுத்த மூன்று வரிகளில் பெயர்கள்: ஐபி-10-0-1-12 என்று தொடங்கி இன்டர்னல் என்று முடிகிற ஒன்று, அதேபோல் 10-0-2-31, 10-0-3-17, மூன்றுக்கும் போர்ட் 9092. இவை கிளவுடின் உள்வலைப் பெயர்கள். மும்பையில் அந்த வலைக்குள் இருக்கிற இயந்திரம் கேட்டால் எண் கிடைக்கும். திருச்சியில் இருக்கிற இயந்திரத்துக்கு அந்தப் பெயரில் யாரும் இல்லை. கிடைத்தாலும் 10 என்று தொடங்கும் எண் தனி வலைகளுக்கென்று ஒதுக்கியது, வெளியிலிருந்து போக வழியில்லை.

கீரமங்கலத்துக்குள் ஒருவர் வீட்டைக் கேட்டால் "மேலத்தெரு, புளியமரத்து வீடு" என்று சொன்னால் போதும். சென்னையிலிருந்து வருகிறவருக்கு அதே பதிலைச் சொல்லி அனுப்பினால் அவர் எந்தப் பேருந்தில் ஏறுவார்? புரோக்கர்கள் மூன்றும் ஊர்க்காரருக்குச் சொல்ல வேண்டிய பதிலை வெளியூர்க்காரருக்கும் சொல்லிக்கொண்டிருந்தன.

அங்கிருந்த ஒரு தம்பி அதற்குள் ஒரு வைத்தியம் கண்டுபிடித்திருந்தார். திருச்சி இயந்திரத்தின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் அந்த மூன்று உள்பெயர்களுக்கும் நேராகப் பொது எண்களை எழுதிவிடுவது. வேலை செய்யும். பல அலுவலகங்களில் அதைச் செய்துவிட்டுப் பிரச்சினை தீர்ந்ததாக எழுதிவைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. அடுத்த மடிக்கணினிக்கும் அதே மருந்து வேண்டும். எண் மாறிய அன்று எந்தெந்த இயந்திரத்தில் எழுதினோம் என்று யாருக்கும் நினைவிருக்காது. முகவரியை அறிவிக்கிறவர் சரியாக அறிவிக்க வேண்டும். கேட்கிறவர்கள் ஒவ்வொருவரும் காதைத் திருத்திக்கொள்வது முறையில்லை.

முறையான வழி, ஒரே புரோக்கருக்கு இரண்டு வாசல் வைப்பது. 2017 பிப்ரவரியில் வெளிவந்த காஃப்கா 0.10.2இல் அதற்கு நல்ல வசதி வந்திருந்தது. வாசல்களுக்கு நாமே பெயர் வைக்கலாம். உள்வாசல் 9092, உள்வலைப் பெயரை அறிவிக்கும். புரோக்கர்கள் ஒன்றோடொன்று பேசுவதும் பாலம் எழுதுவதும் இதில். வெளிவாசல் 9094, நிறுவனத்தின் டொமைனில் ஒவ்வொரு புரோக்கருக்கும் ஒரு பெயர். எந்த வாசல் வழியாகக் கேட்டாரோ அந்த வாசலுக்குரிய பட்டியலே பதிலாக வரும். வெளிவாசலில் கடவுச்சொல்லும், பேச்சை மறைகுறியாக்கி சர்வரின் அடையாளத்தைச் சான்றிதழால் காட்டுகிற டிஎல்எஸ்ஸும் கட்டாயம் என்றேன். அவசரமென்று வெறும் போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடுகிறவர்கள், தங்கள் மோட்டாரை யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்கிறார்கள். இந்த மோட்டார்கள் பிறருடையவை.

டிஎல்எஸ் வந்தால் பெயர் இன்னொரு காரியத்துக்கும் வேண்டியிருக்கிறது. கூப்பிட்ட பெயர் சான்றிதழில் இருக்கிறதா என்று நிரல் சரிபார்க்கும். 2018 ஜூலையில் வந்த காஃப்கா 2.0 முதல் இந்தச் சோதனை தானாகவே நடக்கிறது. அதனால் அறிவிக்கிற பெயர், டிஎன்எஸ்ஸில் இருக்கிற பெயர், சான்றிதழில் இருக்கிற பெயர் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்.

கரண்டு வருகிற நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்னையில் எத்தனையோ சுமைகளைப் பார்த்திருக்கிறேன். இதுபோன்ற ஒன்றை இங்கேதான் பார்த்தேன். மும்முனை முறை வந்த நொடியில் அந்த மின்பாதையில் (ஃபீடரில்) இருக்கிற பெட்டிகளில் பேட்டரி இறங்கிப்போன அத்தனையும் ஒன்றாகக் கண் விழிக்கும். ஒரே டவரில் பதிவு செய்யும், ஒரே நேரத்தில் சர்வரைக் கூப்பிடும், ஒரே நேரத்தில் டிஎல்எஸ் கைகுலுக்கல் தொடங்கும். இணைப்பைத் தொடங்குவதுதான் சர்வருக்கு அதிகப் பாடு. சில பெட்டிகளுக்கு நேரம் கடந்து தோல்வி வரும், உடனே மறுபடி கூப்பிடும், நெரிசல் கூடும். பெட்டி எழுந்ததும் தன் வரிசை எண்ணிலிருந்து கணக்கிட்ட சில நொடிகள் பொறுத்துக் கூப்பிட வேண்டும், தோற்றால் பொறுக்கிற நேரத்தை இரட்டிப்பாக்க வேண்டும் என்று எழுதினோம். தோட்டத்துக்காரர் கண்ணுக்கு அரை நிமிடம் தாமதம். சர்வரில் கூர்முனையாக இருந்த கோடு மேடாகப் படுத்தது. போர்ட்டும் பெயரும் போலவே, எப்போது கூப்பிடுவது என்பதையும் எண்ட்பாயின்ட்டின் பகுதியாகத்தான் நான் எழுதுகிறேன்.

2018 நவம்பர் 16 விடிவதற்கு முன் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்து, உள்ளே நடந்து எங்கள் மாவட்டத்தை மிதித்துக்கொண்டு போனது. முப்பது வருடத் தென்னைகள் வேரோடு கிடந்தன. பலா மரங்கள் சாலையை மூடிக் கிடந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. முன்னெச்சரிக்கையாக மின்சாரத்தை நிறுத்தியதால் பெட்டிகள் அந்த இரவு பேட்டரியில் இருந்தன. டவர்கள் ஒவ்வொன்றாகப் போகப்போக, சர்வரில் அவற்றின் கடைசிச் செய்திகள் ஊர் வாரியாக வந்து விழுந்தன. காலைக்குள் எங்கள் திரை முழுக்கச் சாம்பல் நிறம். அதன் பிறகு பல நாட்கள் அதைத் திறந்து பார்க்க யாருக்கும் மனமும் இல்லை, நேரமும் இல்லை. குடிக்கத் தண்ணீர் ஏற்ற ஜெனரேட்டர் தேடிக்கொண்டிருந்தோம்.

வேறு மாவட்டங்களிலிருந்து மின்வாரியத் தொழிலாளர்கள் வந்து இரவு பகலாகக் கம்பம் நட்டார்கள். வீடுகளுக்கு முதலில், விவசாய இணைப்புகளுக்குப் பிறகு. வாரங்கள் கழிந்து ஃபீடர் ஃபீடராக மும்முனை வந்தபோது, பெட்டிகளில் ஒரு பகுதி மட்டும் எழுந்து சர்வருக்கு வந்தன. மற்றவை டவரில் பதிவாகியிருந்தன, எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில் சொல்லின, சர்வருக்கு மட்டும் வரவில்லை. சர்வர் லாகில் கைகுலுக்கல் பாதியில் அறுந்ததாகப் பதிவு.

கொட்டகை நிற்கிற ஒரு தோட்டத்தில் பெட்டியைக் கழற்றிக் கேபிள் போட்டுப் பார்த்தோம். பெட்டி தன் கடிகாரத்தில் 2004 ஜனவரி 1 என்று காட்டியது. பேட்டரி அடியோடு இறங்கியதால் மோடத்தின் கடிகாரம் பிறந்த தேதிக்குப் போய்விட்டிருந்தது. 2018இல் வழங்கிய சான்றிதழைப் பார்த்து, இது இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை என்று அது இணைப்பை மறுத்துக்கொண்டிருந்தது. பெயர் சரி, போர்ட் சரி, சான்றிதழ் சரி. பெட்டி நின்றுகொண்டிருந்த காலம் வேறு. எழுந்து வந்த பெட்டிகள் டவரிடமிருந்து நேரத்தை வாங்கிக்கொள்கிற புதிய நிரல் உள்ளவை. பழைய நிரல் உள்ளவற்றுக்கு எஸ்எம்எஸ்ஸில் தேதியை அனுப்பிச் சரிசெய்தோம். இணைய வழி முழுக்க அடைபட்ட நேரத்தில் அந்த எளிய வழி திறந்திருந்ததால், அந்த நிலைமையில் யாரும் கொட்டகை கொட்டகையாக அலைய வேண்டியிருக்கவில்லை. பெட்டிகள் உறங்கிக் கிடந்த வாரங்களில் எம்க்யூடிடி சர்வரை வேறு இயந்திரத்துக்கு மாற்றியிருந்தோம். ஒரு பெட்டிக்கும் அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெயரைக் கேட்டன, புது எண்ணுக்கு வந்தன.

பெட்டிகள் வந்த ஊர்களிலிருந்து தொலைபேசி அழைப்புகளும் வந்தன. மரமே இல்லாத தோட்டத்துக்கு மோட்டார் நிலையைப் பார்த்து என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். சில மாதங்களில் அவர் ஊடுபயிராக உளுந்து போட்டு, தென்னங்கன்று நட்டு, கன்றுக்குத் தண்ணீர் விட அதே பெட்டியைத்தான் வைத்திருந்தார்.

இப்போது பெட்டிகள் 4ஜிக்கு மாறுகின்றன. புதிய சிம்கள் ஐபி ஆறாம் பதிப்பு முகவரியோடு வருகின்றன; பெட்டிக்கென்றே உலகளாவிய முகவரி. முதல் கூட்டத்துக் கேள்வி திரும்ப வருகிறது: இனிமேலாவது சர்வரிலிருந்து நேரே கூப்பிடலாமா? வேண்டாம் என்கிறேன். உலகத்தில் யாரும் கூப்பிடக்கூடிய வாசலை மோட்டார் கொட்டகையில் திறந்து வைப்பதற்கு ஒரு காரணமும் இல்லை. பெட்டி வெளியே கூப்பிடட்டும். காஃப்காவும் மாறியிருக்கிறது. அதோடு கூடவே ஓட வேண்டியிருந்த ஸூகீப்பர் 2025 மார்ச்சில் வந்த 4.0இல் முற்றாகப் போய்விட்டது. கட்டுப்பாட்டு வேலையைக் காஃப்காவே பார்த்துக்கொள்கிறது. அதற்கென்று தனி வாசல், தனி போர்ட் எழுத வேண்டும். அந்த வாசலை வெளியே அறிவிக்கக் கூடாது.

வேலை பழக வருகிற பிள்ளைகளிடம் கோப்பைத் திறக்கும் முன் ஒரு தாளில் கட்டம் போடச் சொல்கிறேன். இடப்பக்கம் கூப்பிடுகிறவர்கள்: கொட்டகையில் பெட்டி, மும்பையில் பாலம், புரோக்கருக்குப் புரோக்கர், திருச்சி அறிக்கை, என் வீட்டு மடிக்கணினி. ஒவ்வொருவருக்கும் நேரே, எந்த வலையில் நிற்கிறார், எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார், அந்தப் பெயரை அவருக்கு யார் எண்ணாக்கித் தருவார், சான்றிதழில் அந்தப் பெயர் உண்டா, நேரத்தை யாரிடம் வாங்குகிறார். கட்டம் நிரம்பிய பிறகு கோப்பில் எழுதுவதற்கு அதிக நேரம் ஆகாது. எழுதியானதும் கேகேட்டை மும்பையிலும் திருச்சியிலும் வடகாட்டில் என் வீட்டிலும் ஓட்டி, மூன்று இடத்திலும் வருகிற பட்டியலைத் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பெட்டிக்கு கேகேட் ஓடாது. அதற்கு ஒரு பெட்டியைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய், பேட்டரியைக் கழற்றிக் கடிகாரம் 2004க்குப் போகும்வரை வைத்திருந்து, பிறகு கரண்டு கொடுத்து, அது தானாக வந்து சேருகிறதா என்று பார்க்கிறோம்.